நிலைப்படிக்கு அந்தப் பக்கம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பெண்ணுக்கு எழுத்தும் கணக்கும் நான் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்த கதையைக் கேட்டால், அந்தக் காலத்திலேயே எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். அக்கறையெல்லாம் அப்புறம். எனக்கு அப்போது இருந்தது களைப்பு. இரண்டு குழந்தைகளும் காலையில் பள்ளிக்கூடம் போய்ச் சாயங்காலம் வந்தால், நடுவில் ஒரு மணி நேரமாவது கையைக் காலை நீட்டிப் படுக்கலாம் என்பதுதான் என் லட்சியம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஒன்றரை வருஷம் வாத்தியாராக இருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமனார், என் கணவர், நான், ஒரு பிள்ளை, அவனுக்கு ஒன்றரை வயது இளையவளாக ஒரு பெண். ஐந்து பேருக்குச் சமைப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள் மடிச் சமையல் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். விடிவதற்கு முன் கிணற்றடியில் தலையோடு ஸ்நானம். முதல் நாளே நனைத்து, யார் கையும் படாத உயரக் கொடியில் உலர்த்திய புடவையைக் கோலால் எடுத்து உடுத்திக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தால், மாமனார் பூஜையை முடித்துச் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரை, அதாவது பதினோரு மணி வரை, வெளியில் உள்ள எதையும் தொடக் கூடாது. குழந்தைகளைத் தொடக் கூடாது, ஏனென்றால் அவர்கள் படுக்கையில் புரண்ட துணியோடு இருப்பார்கள். புத்தகம், ஸ்லேட்டு, பலப்பம் இதையெல்லாமும் தொடக் கூடாது. யார் யார் கையிலோ இருந்து வந்தவை அவை. தப்பித் தவறித் தொட்டுவிட்டால் மறுபடி கிணற்றடி, மறுபடி ஸ்நானம், மறுபடி வேறு புடவை.

மாமியார் இருந்த வரையில் இந்த மடி அவர் பாடாக இருந்தது. நான் மேல்வேலைக்காரி. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து ஸ்லேட்டில் எழுத வைத்தேன். நாலைந்து மாதத்தில் அவன் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தான். சொல்லிக்கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பிறகு மாமியார் காலமானார். மடி என் தலையில் விழுந்தது. பெண்ணுக்கு அப்போது நாலு வயது.

மாமனார் கெட்ட மனுஷர் இல்லை. பெண் குழந்தை படிக்கவே கூடாது என்று சொன்னவரும் இல்லை. அவர் என்னோடு நேராகப் பேச மாட்டார், நானும் அவரோடு பேச மாட்டேன். எதுவானாலும் கூடத்தில் என் கணவரிடம் சொல்லுவார், கதவுக்குப் பின்னால் என் காதில் விழும். பெண்ணின் படிப்பு விஷயமும் அப்படித்தான் விழுந்தது.

"ஒண்ணாங் கிளாஸ்ல எடுத்துண்டா போகட்டும். அண்ணாவும் தங்கையுமா சேர்ந்து போயிட்டு சேர்ந்து வரட்டும். பேபி கிளாஸெல்லாம் வேண்டாம். பத்தரை மணிக்கே விட்டுடறா. யார் போய் அழைச்சுண்டு வரது? நீ ஆபீஸ்ல இருப்பே, நான் பூஜைல இருப்பேன், அவ மடியா இருப்பா."

"ஒண்ணாங் கிளாஸுக்குப் பரீட்சை வைப்பாளே அப்பா. தேறல்லேன்னா?" என்று கேட்டார் என் கணவர்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

கதவுக்குப் பின்னால் எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் இந்த அடுத்த வருஷத்தை நான் அறிவேன். நான் நாலாம் கிளாஸ் முடித்தபோது என் தகப்பனாரும் இதையேதான் சொன்னார். அந்த அடுத்த வருஷம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே களைப்பு ஒரு பக்கம் இருந்தாலும், அன்றைக்கு மனதுக்குள் ஒரு வைராக்கியம் பிறந்துவிட்டது. பரீட்சையில் இவள் தேற வேண்டும். தேறாவிட்டால் இந்தச் சமையலறை வாசலிலேயே வளர்ந்து, இதே கொடியிலிருந்து இதே கோலால் புடவை எடுக்கப் போகிறாள்.

சரி, எப்போது சொல்லிக்கொடுப்பது? பதினோரு மணிக்கு மாமனார் எழுந்த பிறகு நான் சாப்பிட்டு, சமையலறையைக் கழுவி முடிப்பதற்குள் பெண் தூங்கிவிடுவாள். அவள் எழுந்திருக்கும்போது எனக்குக் கண் சொருகும். பிறகு சாயங்காலக் காப்பி, விளக்கு, ராத்திரிச் சாப்பாடு. குழந்தையும் தெளிவாக, நானும் தெளிவாக இருக்கிற நேரம் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான். அந்த நேரத்தில் நான் மடி.

ஆரம்பித்த முதல் வாரமே ஒரு விபரீதம். சமையலறை நிலைப்படிக்கு வெளியே கூடத்தில் அவளை உட்கார வைத்து, நான் உள்ளே அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே, "வட்டம் போட்டுக் காட்டு" என்றேன். போட்டாள். அந்தச் சந்தோஷத்தில் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாமனார் பூஜை அறையிலிருந்து பார்த்துவிட்டார். தொண்டையைக் கனைத்தார். அது போதும். நான் அடுப்பிலிருந்ததை இறக்கிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். மார்கழிக் குளிர். இரண்டாம் முறை தலையில் கொட்டிக்கொண்டதில் முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் நிமிர முடியவில்லை. அன்றைக்கு என் கணவர் மோர் சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். கோபத்தில் நான் பெண்ணிடம் சொன்னேன்: "இனிமே இந்த நிலைப்படியைத் தாண்டினயோ, பார்."

அதற்குப் பிறகு அவள் தாண்டவில்லை. ஒரு தரம்கூடத் தாண்டவில்லை. குழந்தை எப்படி இவ்வளவு சமர்த்தாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஸ்லேட்டைத் தொட முடியாதவள் எழுத்தை எப்படிக் காட்டுவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சமையலறையில் நிலைப்படியை ஒட்டிக் கடப்பைக் கல் பாவியிருந்தது. கறுப்பாக, வழவழப்பாக, ஸ்லேட்டு மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கிற அரிசி மாவும் மடி, நானும் மடி. ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் கல்லின் மேல் பெரிதாக "அ" போட்டேன். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்து, தன் ஸ்லேட்டில் எழுதினாள். நான் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஸ்லேட்டில் அழகான "அ". எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கணக்குக்குப் புளியங்கொட்டை. புளி ஆய்ந்ததும் கொட்டைகளை உயரத்திலிருந்து அவள் பக்கம் போடுவேன், கை படாமல். பத்துப் பத்தாகக் கூட்டி வைப்பாள். "மூணு பத்துல ரெண்டு கொட்டையை அண்ணாவுக்குக் குடுத்துட்டா?" என்று கேட்டால், "அண்ணா திருப்பித் தர மாட்டான்" என்பாள். "அது இருக்கட்டும், மீதி எத்தனை?" என்றால், இருபத்தெட்டு என்று எண்ணாமலே வரும். கொட்டையை வைத்துக்கொண்டு செய்கிற கணக்கில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

இப்படியே எழுத்து முடிந்து வார்த்தைகள் வந்தன. வீடு, மாடு, படம், பழம். எண்களும் நூறு வரை வந்தன. நான் கல்லில் போட அவள் ஸ்லேட்டில் போடுவாள். நான் உள்ளே இருந்தபடியே பார்த்துச் சரி சொல்லுவேன். அண்ணனின் பழைய பாடப் புத்தகத்தைக் கொடுத்தேன். புத்தகத்தை எனக்குத் தெரிகிற மாதிரி என் பக்கம் திருப்பித் தரையில் வைத்துக்கொண்டு படிப்பாள். அம்மாவுக்குத் தெரியட்டும் என்று எவ்வளவு நினைப்பு பாருங்கள் என்று பக்கத்து வீட்டு மாமியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை எழுதியபோதெல்லாம் ஸ்லேட்டை அவன் என் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கும். இவளுக்கு அந்த வேலையே இல்லை. வைத்த இடத்திலேயே எனக்கு நேராகத் தெரியும். அது ஏன் என்று நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, மாமனார் நைவேத்தியத்துக்கு மணி அடிக்கப் போகும்போது, விறகு ஈரமாக இருந்து கண்ணெல்லாம் எரியும்போது, சரியாக இருக்கிற ஒன்றைப் பற்றி எதற்கு யோசிப்பது? தப்பாக இருப்பதற்கே பொழுது போதவில்லை.

சாயங்காலங்களில் மட்டும் ஒரு தகராறு. என் கணவர் ஆபீசிலிருந்து வந்து காப்பி குடித்துவிட்டு, பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஆறு போடு" என்பார். போடுவாள்.

"இங்கே வந்து பார். ஆறு போடச் சொன்னா ஒன்பது போடறது."

"காலம்பற என்கிட்ட நன்னாப் போட்டாளே."

"என்னத்தைப் போட்டாளோ. அம்மான்னு எழுதச் சொன்னா நண்டு ஊர்ந்தாப்பல என்னமோ கிறுக்கறது. நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே."

எனக்கு வந்ததே கோபம். அவர் மேல் காட்ட முடியாத கோபம். ராத்திரிச் சமையலுக்கு நடுவே கரண்டியோடு வெளியே வந்து, "காலம்பற எனக்கு மாத்திரம் நன்னா எழுதறயே, அப்பா முன்னாடி ஏண்டி இப்படி மானத்தை வாங்கறே?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அவள் ஸ்லேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரியாத்தானே போட்டிருக்கேன்" என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று இன்னொன்று வைத்தேன். இந்த மாதிரி எத்தனை சாயங்காலங்கள் என்று கணக்கில்லை. அவள் கடைசியில் அப்பாவிடம் எழுதிக் காட்டப் பலப்பத்தையே எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மறுநாள் காலையில் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எனக்கு முத்து முத்தாக எழுதிக் காட்டினாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் பரீட்சைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாமனார் கை கழுவியதும் நான் மடிப் புடவையை மாற்றிக்கொண்டு, பெண்ணுக்குத் தலை பின்னிப் பூ வைத்து, ரிக்‌ஷாவில் ஏறினேன். வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூடம் ஆழ்வார்பேட்டைப் பக்கம். லஸ் முனையைத் தாண்டும் வரை அவள் வழி நெடுகப் புளியங்கொட்டைக் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நாளையிலிருந்து பன்னிரண்டு மணிக்கு நான் தனியாகப் படுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தபோது, பாய் விரித்தாயிற்று என்றே தோன்றியது.

தலைமை ஆசிரியை வயதான அம்மாள். வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாற்காலியில் என் பெண். நான் பின்னால் நின்றேன். முதலில் வாய்க்கணக்குக் கேட்டார். பெண் பளிச் பளிச்சென்று சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்து, "படி கண்ணு" என்றார்.

பெண் புத்தகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

"அப்படி இல்லம்மா, இப்படி." அவர் நேராக வைத்தார்.

பெண் மறுபடி திருப்பினாள். அவர் மறுபடி நேராக்கினார். மூன்றாம் தடவை அவர் கையைப் புத்தகத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். பெண் வாயைத் திறக்கவில்லை. உதடு துடித்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. புத்தகத்தை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாத குழந்தையை ஒண்ணாங் கிளாசுக்கு அழைத்து வந்திருக்கிறாளே என்று அந்த அம்மாள் நினைக்கிறார். அவர் கண்ணிலேயே தெரிந்தது.

"பரவாயில்ல, அழாதே. ஸ்லேட்டுல அம்மான்னு எழுது பாப்போம்" என்றார்.

எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். "கையெழுத்து அச்சு மாதிரி இருக்கே! எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்குப் படிக்க வராம எப்படி?" என்றவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஸ்லேட்டையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, பெண்ணின் தோளுக்கு மேலாகக் குனிந்தார். அவர் குனிந்ததைப் பார்த்து நானும் குனிந்தேன்.

அவள் பக்கத்திலிருந்து நான் அவள் ஸ்லேட்டை ஆற அமரப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுத்து எல்லாம் தலைகீழாக இருந்தது. வலது கைப்பக்கம் ஆரம்பித்து இடது பக்கம் போயிருந்தது. என் கணவர் சொன்ன நண்டு.

"ஏன் கண்ணு இப்படி எழுதறே?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா அந்தப் பக்கம் உக்காந்திருப்பா" என்றாள் பெண், அவர் எழுந்து வந்த காலி நாற்காலியைக் காட்டி.

எனக்கு ஒரே நொடியில் எங்கள் கடப்பைக் கல் கண் முன்னால் வந்து நின்றது. நான் என் பக்கம் நேராக எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்த குழந்தை அதைத் தலைகீழாகப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி, ஒரு கோடு தவறாமல் ஒன்றரை வருஷம் எழுதியிருக்கிறது. அது எழுதியது எனக்கு நேராகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதே ஆறு ஒன்பதாகிவிடும். அதற்குத்தான் அவளை அடித்தேன். சரியாத்தானே போட்டிருக்கேன் என்று சொன்னாளே, அவள் கற்றுக்கொண்டபடி சரியாகத்தான் போட்டிருந்தாள். அவருக்கு ஆபீஸ் களைப்பு, எனக்கு அடுப்புக் களைப்பு. இரண்டு பேரில் ஒருவருக்காவது அந்த ஸ்லேட்டை ஒரு தரம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"வீட்ல யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் தலைமை ஆசிரியை.

"நான்தான்." மடி, நிலைப்படி, அரிசி மாவு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

"புத்திசாலிக் குழந்தைம்மா. ஆனா இப்படியே ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வச்சா மத்த பிள்ளைங்க சிரிச்சே இவளை ஒழிச்சிடும். பேபி கிளாஸ்ல விடுங்க. தசரா லீவுக்குள்ள எழுத்து நேராத் திரும்பிடும். திரும்பினதும் நானே மேல ஏத்திடறேன். வீட்லயும் பக்கத்துல உக்காந்து எழுத வைங்க. எதிர்ல மட்டும் உக்காராதீங்க."

பேபி கிளாஸ். பத்தரை மணி. வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறினோம். பெண் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள்.

"இன்னாமா, கொயந்த இப்பிடி அயுவுது? பள்ளிக்கோடம் வேணான்னுதா?" என்று ரிக்‌ஷாக்காரர் வண்டியை இழுத்தபடியே கேட்டார்.

"வேணும்னுதான்பா அழறது."

"அப்போ சேத்துடேன். அதுக்கு இன்னாத்துக்கு ரோசன பண்ணிகினு கீற?" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. குளத்தைச் சுற்றி வருவதற்குள் அந்த எரிச்சல் அடங்கிவிட்டது. அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் கூடத்தில் விஷயம் பேசப்பட்டது. நான் வழக்கம் போலக் கதவுக்குப் பின்னால். பெண் எழுதிய விதத்தைக் கேட்டு அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அவரும் அந்த முதுகில் விழுந்த அடிகளை நினைத்திருக்க வேண்டும். தசரா வரைக்கும் பத்தரைக்கு யாராவது போய் அழைத்து வந்தால் போதும் என்று மாமனாரிடம் எடுத்துச் சொன்னார்.

"யார் போறது?" என்றார் மாமனார்.

"அவதான் போகணும்."

"மடிச் சமையல்?"

என் கணவர் காலிக் காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். மாமனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பேஷாப் போகட்டும். நான் நாளைலேர்ந்து ஸ்வயம்பாகம் பண்ணிக்கறேன்."

ஸ்வயம்பாகம் என்றால் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிடுவது. எங்கள் மாதிரி வீடுகளில் மாமனார் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அதற்குமேல் பேச்சே கிடையாது. நாட்டுப்பெண் என்று மருமகள் ஒருத்தி உயிரோடு இருக்கும்போது பெரியவர் அடுப்பு ஊதினார் என்று ஊர் சொல்வதைவிடப் பேசாமல் கிணற்றில் குதிக்கலாம். உடனே ஓடிப்போய், வேண்டாம் அப்பா, எதுவும் வேண்டாம், குழந்தை ஆத்திலேயே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்த வார்த்தையைச் சொல்லுகிறார்கள். என் கணவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் சொல்வேன் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

எனக்குச் சொல்லத் தெம்பு இல்லை. வீரம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விடியற்காலையிலிருந்து நின்ற கால், வெயிலில் போய் வந்த தலை, அழுது ஓய்ந்த குழந்தை தோளில். கெஞ்சுவதற்கும் உடம்பில் சத்து வேண்டுமே. நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"சரிப்பா" என்றேன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மாமனார் முகத்தைப் பார்த்து நான் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் சொல்லிப் பழகிய எதற்கும் யாரும் இப்படிச் சரி சொன்னதில்லை. சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்குகிற மனுஷரும் இல்லை அவர். மறுநாள் காலையில் தானே குளித்துவிட்டு வந்து வெண்கலப் பானையை ஏற்றினார். நாலு நாள் தாங்காது என்று நான் கணக்குப் போட்டேன். தசரா வரை தாங்கினார். அவர் வைத்த ரசம் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் கேட்ட ஒரு மணி நேரத் தூக்கம் மட்டும் கிடைக்கவே இல்லை. பின்கட்டில் குமுட்டி அடுப்பைப் பற்ற வைத்து எங்கள் நாலு பேருக்கும் தனியாகச் சமையல். பத்து மணிக்கு வெயிலில் ஆழ்வார்பேட்டைக்கு நடை, திரும்பி நடை. சாயங்காலம் மறுபடி எழுத்து. ஒரு முறை கற்றதை மறந்து மறுபடி கற்பது சும்மா இல்லை. பாவம், அவள் பட்ட பாடு. நேராக எழுதச் சொன்னால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது என்று அழுவாள். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் சண்டை. தசராவுக்குள் திரும்பிவிட்டது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி அந்த அம்மாள் ஒண்ணாங் கிளாசில் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் எங்கெங்கோ படித்தாள், என்னென்னவோ எழுதினாள். அதெல்லாம் அவள் கதை.

எனக்கு மனதில் நிற்பது மாமனார் ஸ்வயம்பாகம் ஆரம்பித்த அந்த முதல் நாள் காலைதான். மாமனார் சமையலறையில் இருந்தார். நான் சாதாரணப் புடவையில், பின்கட்டில் குமுட்டி பற்றுகிற வரை கையில் ஒரு வேலையும் இல்லாமல், கூடத்துக்கு வந்தேன். பெண் வழக்கம் போல நிலைப்படிக்கு வெளியே தன் இடத்தில் ஸ்லேட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சரேலென்று நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"தொடாதேம்மா! மறுபடி குளிக்கணும். உனக்கு முதுகு வலிக்கும்."

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் வலித்த முதுகு. நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கத் தோன்றவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விறைத்துக்கொண்டு இருந்தாள், பிறகு சாய்ந்தாள். உள்ளே மாமனார் விறகைத் தள்ளிவிட்டு இருமிக்கொண்டிருந்தார்.

அழுகை ஓய்ந்ததும் ஸ்லேட்டைத் துடைத்து அவள் முன்னால் வைத்து, பலப்பத்தைக் கையில் கொடுத்தேன். அவள் எழுதப் போனாள், நின்றாள், எதிரே காலியாக இருந்த நிலைப்படியைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"நீ இங்கே உக்காந்தா உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"எனக்குத் தெரிய வேண்டாம்டி. உனக்குத் தெரியற மாதிரி எழுது" என்று சொல்லி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன்.